கணினி கேள்வி–பதில்: சி டிரைவை நிரப்பியது எது?

கேள்வி: என் மடிக்கணினியில் 256 ஜிபி எஸ்எஸ்டியும் விண்டோஸ் 11-ம் உள்ளன. சி டிரைவில் 9 ஜிபி மட்டுமே மீதம் என்று சிவப்புப் பட்டை காட்டுகிறது. ஆனால் சி டிரைவைத் திறந்து, உள்ளே தெரியும் எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால், கூட்டுத்தொகை 150 ஜிபியைத் தாண்டவில்லை. மீதி இடம் எங்கே போனது? வைரஸாக இருக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வைரஸ் என்ற ஐயத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். மறைந்திருந்து வேலை பார்க்க வேண்டிய ஒரு நிரல், பல ஜிபி இடத்தை அடைத்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பது அரிது. தயாரிப்பாளர் 1000-ன் மடங்கில் சொல்லும் 256 ஜிபியை விண்டோஸ் 1024-ன் மடங்கில் எண்ணி 238 ஜிபி என்றே காட்டும் என்பதையும் கழித்துக்கொண்டால், உங்கள் கணக்கில் விடுபடுவது ஏறத்தாழ 80 ஜிபி. நீங்கள் தேர்ந்தெடுத்தவை கண்ணுக்குத் தெரிந்த ஃபோல்டர்கள் மட்டுமே. சி டிரைவின் முதல் தளத்திலேயே விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் கோப்புகளும் ஃபோல்டர்களும் உள்ளன, அவை உங்கள் கூட்டலுக்குள் வரவே இல்லை.

அவற்றின் அளவை அறிய எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று சென்று, ‘ஷோ மோர் கேட்டகரீஸ்’ என்பதை அழுத்தி, ‘சிஸ்டம் அண்ட் ரிசர்வ்டு’ என்ற வரியைத் திறந்து பாருங்கள். கணினியை ஹைபர்னேட் செய்யும்போது (திறந்திருப்பவற்றைச் சேமித்துவிட்டு அணைக்கும்போது) ரேம் எனும் தற்காலிக நினைவகத்தில் உள்ளவற்றை எழுதி வைப்பதற்கான கோப்பு அங்கே இருக்கும்; வழக்கமாக அது ரேமின் அளவில் 40 சதவீதம், அதாவது 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் சுமார் 6.4 ஜிபி. ரேம் போதாதபோது பயன்படும் விர்ச்சுவல் மெமரி கோப்பும் அதே பட்டியலில் உண்டு. அது தேவைக்கேற்ப வளரும், சுருங்கும், அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

உங்களைப் போன்றோரின் கணக்கில் நான் முதலில் சந்தேகிப்பது அதே பட்டியலில் உள்ள சிஸ்டம் ரீஸ்டோர் என்ற வரியைத்தான். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்புவதற்கான பதிவுகள் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற ஃபோல்டரில் சேர்கின்றன. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்தாலும் விண்டோஸ் அதைத் திறக்க அனுமதிப்பதில்லை என்பதால், ப்ராப்பர்ட்டீஸ் கணக்கில் அது பூஜ்யமாகவே விழும். ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தேடித் திறந்து, கான்ஃபிகர் பொத்தானை அழுத்தினால், இந்தப் பதிவுகள் எவ்வளவு இடம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை நீங்களே குறைக்க முடியும். வசதியை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்; ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) சரியாக நிறுவப்படாமல் கணினி தடுமாறும் நாளில் அதுதான் கைகொடுக்கும். ரீசைக்கிள் பின்னும் மறைந்த ஃபோல்டர்தான் என்பதால், அழித்துவிட்டதாக நினைக்கும் வீடியோக்கள் இன்னும் அதில் கிடக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

விடுபட்டதற்குக் கணக்குக் கிடைத்த பிறகு, தெரிந்த 150 ஜிபியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு விஸ்ட்ரீ (WizTree) அல்லது வின்டிர்ஸ்டாட் (WinDirStat) என்ற மென்பொருள் பொருத்தமானது. இரண்டாவது திறந்த மூல மென்பொருள். முதலாவது தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், அலுவலகத்தில் பயன்படுத்த உரிமம் தேவை. என் தேர்வு விஸ்ட்ரீ. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவமைப்பில் உள்ள டிரைவில் அது ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து எண்ணாமல், கோப்புகளின் மூல அட்டவணையையே நேரடியாகப் படித்துவிடுவதால் சில நொடிகளில் முடித்துவிடும். எதைப் பயன்படுத்தினாலும் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறவுங்கள். இல்லையென்றால் பழைய குறைக்கணக்கே மீண்டும் வரும்.

திரையில் தோன்றும் கட்டங்களில் பெரிய கட்டம் பெரிய கோப்பைக் குறிக்கும். இந்தக் கட்டப்படமே நிரம்பி வழிந்த ஒரு ஹார்டு டிஸ்கினால் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி டிஸ்கில் இடத்தை அடைப்பது எது என்று கண்டுபிடிக்க முடியாமல், பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் 1990-ல் இந்த முறையை வகுத்தார்.

கட்டங்களில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஆப்டேட்டா’ பகுதியைக் கவனமாகப் பாருங்கள். பிரவுசர், வாட்ஸ்அப், டெலிகிராம் ஆகியவை சேமிப்பவை பெரும்பாலும் அங்கேதான் குவிகின்றன. எப்போதாவது ஐஃபோனை இந்தக் கணினியில் இணைத்து பேக்கப் எடுத்திருந்தால், ‘மொபைல்சிங்க்’ என்ற ஃபோல்டரில் அது பல ஜிபியாக உட்கார்ந்திருக்கலாம்; ஃபோனை மாற்றிய பிறகும் அது தானாக அழிவதில்லை. ஒரே கிளிக்கில் சுத்தம் செய்வதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சில நாள்களில் மறுபடியும் சேர்ந்துவிடும் பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பான கேஷைத்தான் பெரும்பாலும் துடைக்கின்றன. அவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்ற ஒன்று 12 ஜிபி காட்டுகிறது. அழிக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்து வைக்கும் இடம் அது. கையால் அழிக்கவே கூடாது, அழித்தால் அப்டேட்டுகள் நிற்கும், கணினி இயங்காமலும் போகலாம். அங்கே தெரியும் 12 ஜிபி உண்மையான அளவும் அன்று. அதில் உள்ள கோப்புகளில் பல, சிஸ்டம்32 போன்ற இடங்களிலும் பதிவாகியிருக்கும் ஒரே கோப்புகள். ஒரே ஆளின் பெயர் இரண்டு வாக்காளர் பட்டியல்களில் இருந்தால் தலைக்கணக்கு கூடிவிடுவதைப் போல, எக்ஸ்ப்ளோரர் அவற்றை இரண்டு முறை எண்ணிவிடுகிறது. பழைய அப்டேட்டுகளின் மிச்சத்தை நீக்க, ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்பதைத் திறந்து ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்ற வரி இருந்தால், அது புதிய பதிப்புக்கு மாறியபோது எஞ்சிய பழைய விண்டோஸ்; வழக்கமாக 10 நாள்களில் தானே நீங்கிவிடும், அதற்கு முன்பே நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. இதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரும் ஒரு வரியாக இருக்கிறது. தற்காலிகக் கோப்புதானே என்று அதற்கும் டிக் போட்டால், நீங்கள் இறக்கி வைத்த சான்றிதழும் ரசீதும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: ஒன்டிரைவ் ஃபோல்டர் 60 ஜிபி என்கிறது. அதை அழித்தால் டிரைவில் 60 ஜிபி கிடைக்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ப்ராப்பர்ட்டீஸில் ‘சைஸ்’ என்பதை விட்டுவிட்டு ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற அளவைப் பாருங்கள், உங்கள் டிரைவில் உண்மையில் அடைபட்டிருப்பது அதுதான். நீல மேகக் குறி உள்ள கோப்புகள் இணையத்தில் மட்டுமே இருக்கின்றன, அவற்றை அழிப்பதால் இங்கே இடம் கிடைக்காது. அதைவிட முக்கியமானது, அந்த ஃபோல்டரில் அழிப்பது மேகச் சேமிப்பிலும், அதே கணக்கில் இணைந்த மற்ற கணினிகளிலும் அழியும். பச்சை டிக் உள்ள கோப்புகளின் மீது வலது கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தால், கோப்பு மேகத்தில் பத்திரமாக இருக்க, கணினியில் உள்ள பிரதி மட்டும் நீங்கும்.