முடிவெடுக்க நினைவு வேண்டும்

வணக்கம்.

அம்மாவுக்கு வயது 74. ஒரு வருடமாக ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. மருத்துவரிடம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். மறப்பது எனக்குப் புரிகிறது. புரியாதது வேறு. “வெளியே போயிட்டு வரலாமா, வீட்டிலேயே இருக்கலாமா?” என்று கேட்டால் என் முகத்தையே பார்க்கிறார். அப்புறம் “நீயே சொல்லு” என்கிறார். ஒரு காலத்தில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து முடிவெடுத்தவர். ஆனால் துணி மடிக்க உட்கார்ந்தால் விளிம்புகூட விலகாது. மறதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சில நேரம் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சம்பந்தம் உண்டு, அதுவும் மிக நெருக்கமாக. அதைச் சொல்ல ஓர் எலியிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி. புதிய நினைவுகள் உருவாக அது வேண்டும். அங்குள்ள சில செல்கள், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிப்பதை, அதாவது மின் சமிக்ஞை விடுவதை, ஆய்வாளர் ஜான் ஓகீஃப் 1971இல் வெளியிட்டார். 2014இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. எந்தச் செல் துடிக்கிறது என்று பார்த்தாலே எலி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

2007இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆடம் ஜான்சனும் டேவிட் ரெடிஷும் பார்த்தது இதைவிட வியப்பானது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு எலி வருகிறது. நிற்கிறது. தலையை இந்தப் பக்கம் திருப்புகிறது, அந்தப் பக்கம் திருப்புகிறது. கால் நகரவில்லை. ஆனால் துடிப்பவை அது நிற்கும் இடத்துக்கான செல்கள் அல்ல, முன்னால் இருக்கும் பாதைக்கான செல்கள்! முதலில் ஒரு கிளை வழியாக வரிசையாக, பிறகு மறு கிளை வழியாக. உடம்பு நிற்கும்போதே மூளை இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அந்தத் தலையாட்டலை 1930களிலேயே கவனித்த உளவியலாளர் எட்வர்ட் டோல்மன், எலி மனதுக்குள் முயன்று பார்க்கிறது என்றுதான் நினைத்தார். அதைச் செல்களில் பார்க்க இவ்வளவு காலம் ஆனது.

அதே 2007இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்வைர் குழுவினர், ஹிப்போகேம்பஸ் பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து விவரிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. துண்டு துண்டாக ஏதோ வந்தது, ஒரு காட்சியாகச் சேரவில்லை. நடந்ததை நினைவுகூரவும் நடக்காததைக் கற்பனை செய்யவும் மூளை ஒரே இடத்தை நம்பியிருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியைப் பாருங்கள். “வெளியே போகலாமா, வீட்டிலேயே இருக்கலாமா?” பதில் சொல்ல, வாசலைத் தாண்டி நடப்பதை ஒருமுறை மனதில் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்து முடிக்கும்வரை மற்றொன்று நழுவாமல் இருக்க வேண்டும். அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிபடும் இடங்களில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. அம்மாவுக்கு என்ன என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த “நீயே சொல்லு” பிடிவாதம் அல்ல, சோம்பலும் அல்ல என்றே நினைக்கிறேன். இரண்டு வழிகளும் அவருக்குக் கண்ணில் தெரியாமல் போயிருக்கலாம்.

துணி மடிப்பது வேறு கணக்கு. நன்றாகப் பழகிய எலி, பாதை பிரியும் அந்த இடத்தில் பெரும்பாலும் நிற்பதில்லை, நேராகத் திரும்பிவிடும். பழக்கத்தின் வேலையை ஸ்ட்ரையேட்டம் என்ற வேறு பகுதி பார்க்கிறது. 1953இல் அறுவை சிகிச்சையில் ஹிப்போகேம்பஸின் ஒரு பெரிய பகுதியை இழந்த ஹென்றி மொலைசன், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார். முந்தைய நாள் வரைந்தது மட்டும் அவருக்கு ஞாபகமே இருக்காது. உங்கள் அம்மாவின் விரல்களும் அப்படித்தான் மடிக்கின்றன.

சரி, என்ன செய்வது? கற்பனை செய்ய வேண்டியதைக் கண் முன்னால் கொண்டுவாருங்கள். உட்கார்ந்த இடத்தில் கேட்காமல், வாசல்வரை கூட்டிப்போய்க் கதவைத் திறந்து, செருப்பைக் காலருகே வைத்துவிட்டு, “போகலாமாம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.