இறுதியாண்டுக் குறும்படத்துக்குக் கதை எப்படிப் பிடிப்பது? முதல் காட்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேமரா இருக்கிறது, நடிக்க நண்பர்கள் தயார், படம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, கதைதான் அமையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் மூன்று யோசனைகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்: காலப் பயணம் போகும் மாணவன், கடைசியில் எல்லாமே கனவு என்று முடியும் கொலைக் கதை, ஒரு மாதம் காணாமல் போய்த் திரும்பி வரும் அறைத்தோழன். நான் படித்த காலத்தில் இதே கேள்வியைக் கேட்டபோது, "நிறையப் படம் பாருங்க, கதை தானா வரும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். படம் பார்த்தால் பார்த்த படத்தின் கதைதான் வரும். அந்தப் பதில் இன்னமும் உலவுவது பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் குழு இப்போது எந்த நிலையில் இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுகிறீர்கள். ஒருவர் "தனிமையைப் பற்றிப் பண்ணலாம்" என்கிறார். இன்னொருவருக்குப் பெண் விடுதலை. மூன்றாமவருக்குக் கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருந்தே ஆக வேண்டும். பேசப் பேசக் கதை வளர்ந்து, ஒருவனின் இருபது வருட வாழ்க்கை, ஒரு விபத்து, ஒரு நீதிமன்றம், மழையில் ஒரு சண்டை என்று எங்கேயோ போய்விடுகிறது. மறுநாள் யாராவது "கோர்ட்டுக்கு எங்கே போறது?" என்று கேட்டதும் எல்லாம் கலைந்துபோகிறது. தனிமை, விடுதலை எல்லாம் வெறும் தலைப்புகள். அவற்றைக் கேமரா முன்னால் நிறுத்த முடியாது. ஒரு ஆள், அந்த ஆளுக்கு இப்போதே வேண்டிய ஒன்று, அதற்குக் குறுக்கே நிற்கும் ஒன்று, இவ்வளவும் வந்தால்தான் எடுப்பதற்கு ஏதாவது இருக்கும்.

அது எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு சினிமா பிறந்த வருடத்திலேயே சாட்சி இருக்கிறது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒன்று, தோட்டத்துக்குத் தண்ணீர் அடிப்பவரைப் பற்றியது. ஒரு பையன் பின்னால் வந்து ரப்பர் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. என்ன ஆச்சு என்று அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர். துரத்திப் பிடித்து அடிக்கிறார். மொத்தமே ஒரு நிமிடத்துக்குக் குறைவு. ஒரே இடம், இரண்டு பேர், வசனம் கிடையாது. ஆனாலும் தேவை, தடை, திருப்பம், விளைவு எல்லாம் உள்ளே இருக்கிறது. உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

நாங்கள் கதை பிடித்த விதத்தைச் சொல்கிறேன். பேசிப் பேசி அலுத்த பிறகு, கையில் என்னதான் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினோம். குழுவில் இருந்த ஒரு தோழியின் வீடு. அங்கே ஒரு பெரிய ஜன்னல், காலை முழுக்க நல்ல வெளிச்சம். லைட் எதுவும் வாடகைக்கு எடுக்க முடியாது. நடிக்கச் சம்மதித்த அவளுடைய தாத்தா. நடிப்பு கொஞ்சம் தெரிந்த அவள். அவ்வளவுதான். லொக்கேஷன் பார்க்கப் போன அன்று, தாத்தா ஜன்னலோரம் நின்று ஒரு தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதும் தள்ளிப் பிடிப்பதுமாக இருந்தார். கண்ணில் புரை. பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "இதைப் படிம்மா" என்று நீட்டினார். அவள் படித்தாள். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வாயிலிருந்து எது வந்தாலும் அந்தத் தாளில் இருப்பது அதுதான் என்று அவர் நம்பியாக வேண்டும். அது மனதில் பட்டதுமே எங்களுக்குக் கதை கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

கதை இதுதான்: தாத்தா தன் வாழ்க்கையை நோட்டில் எழுதி ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறார். வெளியிட இயலாது என்று பதில் வருகிறது. பேத்தி அதை, வெளியிடச் சம்மதம் என்பதாக மாற்றிப் படித்துவிடுகிறாள். கதையை ஒரே வரியில் சொல்லும் இந்த ஒன்லைனைக் கேட்டதும் நண்பர்கள் "சரி, அப்புறம்?" என்றார்கள். உங்கள் ஒன்லைனையும் குழுவுக்கு வெளியே ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் அப்புறம் என்று கேட்காமல் "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அதில் இன்னும் கதை சேரவில்லை. எங்களுக்கு முதலில் தோன்றிய அப்புறம், அவர் புத்தகத்துக்காகக் காத்திருக்கிறார், உண்மை தெரிகிறது, உடைந்து அழுகிறார் என்பது. யாருக்கும் உடனே தோன்றுவது அது, அதனாலேயே அதைத் தள்ளினோம். பிறகு கிடைத்தது இது: மறுநாள் காலை அவர் அதே கடிதத்தோடு வந்து, "இன்னொரு தடவை படிம்மா" என்கிறார்.

அவள் மாட்டிக்கொள்கிறாள். நேற்று என்ன சொன்னோம் என்று சரியாக நினைவில்லை. தாளிலும் அது இல்லை. ஆனால் கண் மங்கியவருக்குக் காது கூர்மை. நேற்றுக் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவருக்கு மனப்பாடம். அவள் பாதியில் திணறி நிற்கும்போது, விட்டுப்போன வரியை அவரே எடுத்துக்கொடுக்கிறார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது. படம் அங்கே முடிகிறது. இன்றும் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், திருப்பம் எங்கிருந்து வந்தது என்பது. அவள் சொன்ன பொய்யே திரும்பி வந்து அவளைப் பிடித்தது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. கனவு என்று முடித்தால், அதுவரை பார்த்தவர் கவலைப்பட்டதெல்லாம் செல்லாது என்று அறிவித்துவிடுகிறீர்கள். அதில் அவருக்குக் கோபம் வருவது நியாயம்.

இனி முதல் காட்சி. எங்கள் ஸ்கிரிப்டின் முதல் பிரதியில் விடியல், பறவைகள், அலாரம், பல் துலக்கும் பேத்தி, சுவரில் பழைய போட்டோக்கள், நாற்காலியில் தாத்தா என்று இரண்டு பக்கம் ஓடியது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று கணக்கு வைப்பார்கள். அப்படியானால் பத்து நிமிடப் படத்தில் இரண்டு நிமிடம் யாருக்கும் எதுவும் வேண்டாமல் கழிகிறது. மாணவர் படங்களை வரிசையாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அலாரம் அடித்ததுமே அடுத்து வரப்போகும் ஷாட்கள் தெரிந்துவிடும். கடிதத்துக்கு முன்னால் இருந்த எல்லாவற்றையும் வெட்டச் சொல்லி நான் பிடிவாதமாக நின்றேன்.

கடைசியில் எடுத்தது இப்படி. கடிதத்தின் மேல் அவள் விரல், க்ளோசப். குரல் படிக்கிறது: "ஐயா, தாங்கள் அனுப்பிய கையெழுத்துப் பிரதி கிடைத்தது." சொல்லுக்குச் சொல் விரலும் கூடவே நகர்கிறது. அடுத்த வரியில் விரல் போகிறது, குரல் வரவில்லை. வரியின் கடைசிவரை போய், மறுபடி அதன் தொடக்கத்துக்கு வந்து நிற்கிறது. பிறகு குரல் மட்டும் கிளம்புகிறது: "மிகுந்த மகிழ்ச்சியோடு படித்தோம்." விரல் அசையவில்லை. இரண்டு பேரின் முகத்தையும் காட்டுவதற்கு முன்பே அவள் பொய் சொல்கிறாள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. வாய்ஸ் ஓவர் வேண்டியிருக்கவில்லை, ஃப்ளாஷ்பேக்கும் வேண்டியிருக்கவில்லை. இவர் யார், இவளுக்கு என்ன உறவு என்பதெல்லாம் போகப் போகத் தெரிந்தால் போதும்.

அடுத்த ஷாட் தாத்தாவின் முகம். அவர் நடிகர் இல்லை. "சும்மா ஜன்னலைப் பாருங்க தாத்தா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. படம் பார்த்தவர்கள் அந்த முகத்தில் எவ்வளவு நெகிழ்ச்சி என்றார்கள். நூறு வருடங்களுக்கு முன்பே ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் இதைச் செய்து காட்டியதாகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு நடிகரின் ஒரே முகபாவத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு ஷாட்டுகளோடு சேர்த்தால், பசி, துக்கம், ஆசை என்று பார்ப்பவர்களே அதில் உணர்ச்சியை ஏற்றிக்கொள்வார்கள். அனுபவம் இல்லாதவர்களை வைத்து எடுக்கும் உங்களுக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. அழச் சொல்லாதீர்கள். அவர் முகத்துக்கு முன்னால் எந்த ஷாட் வருகிறது என்று யோசியுங்கள்.

எழுதும்போது ஒன்றில் கறாராக இருங்கள். "அவள் மனதுக்குள் உடைந்துபோனாள்" என்று ஸ்கிரிப்டில் எழுதினால் அதை எங்கே கேமரா வைத்து எடுப்பது? கண்ணில் படுவதும் காதில் விழுவதும் மட்டும் தாளில் வரட்டும்.

மெதுவாகத் தொடங்கும் அருமையான படங்கள் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருக்கின்றன, எனக்கும் பிடிக்கும். அங்கே மெதுவாகப் போவது ஒரு முடிவு. என்ன செய்வதென்று தெரியாமல் சூரியோதயம் வைப்பது வேறு. முழுநீளப் படத்துக்கான அறிமுகம், மோதல், தீர்வு என்ற மூன்று அங்கக் கணக்கைக் காட்டி, 120 பக்கத்தில் முதல் 30 அறிமுகத்துக்குத்தானே என்பவர்களும் உண்டு. அதே விகிதத்தில் உங்களுக்கு இரண்டரை நிமிடம் வரும். நான் அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்க மாட்டேன். டிக்கெட் எடுத்து அரங்கில் உட்கார்ந்தவர் காத்திருப்பார், கைப்பேசியில் பார்ப்பவர் காத்திருக்க மாட்டார். இது என் அனுபவம், சட்டம் என்று சொல்லவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படம் ஒரு போட்டிக்குப் போனபோது, போஸ்டரில் "கதை, திரைக்கதை, இயக்கம்" என்று மூன்றும் ஒரே பெயரில் வந்தது. கதை விவாதத்தில் கூடவே உட்கார்ந்த எங்கள் யாருடைய பெயரும் இல்லை. "நன்றி" என்று வந்த பட்டியலில் என் பெயர் இருந்தது, காபி வாங்கிக் கொடுத்தவர்களோடு சேர்த்து. கேட்டதற்கு, "மாணவர் படம்தானே, இதுல என்ன இருக்கு" என்றார்கள். இருக்கிறது. அடுத்த வேலைக்குப் போய் நிற்கும்போது காட்ட அந்த டைட்டில் கார்டுதான் உண்டு. யார் கதை, யார் திரைக்கதை, யார் எடிட்டிங், யார் ஒலி என்று படப்பிடிப்புக்கு முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள். எழுதாததால் கெட்ட நட்புகளை எனக்குத் தெரியும்.

சரி, உங்கள் மூன்று யோசனைகள். கனவுக் கதையை விட்டுவிடுங்கள். காலப் பயணம் ஒரே அறைக்குள் ஐந்து நிமிடம் பின்னால் போவதாக இருந்தால் எடுக்கலாம், ஆனால் ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்க்க ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். என் ஓட்டு அறைத்தோழனுக்கு. உங்களிடம் அறை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். இடத்தையும் நேரத்தையும் சொல்லும் காட்சித் தலைப்பில் "உள், பகல்" என்று எழுதித் தொடங்குங்கள். அவன் பையோடு வாசலில் நிற்கிறான். அவன் கட்டில் முழுக்க மற்றவர்களின் துணி, புத்தகம், சார்ஜர். உள்ளே இருப்பவன் அவசரமாக ஒவ்வொன்றாக எடுக்கிறான், முகத்தைப் பார்க்கவில்லை. அவன் போட்டிருக்கும் சட்டை, வாசலில் நிற்பவனுடையது. இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

திரும்பி வந்தவனுக்கு என்ன வேண்டும்? "எங்கடா போயிருந்தே?" என்று யாராவது கேட்க வேண்டும் என்பதே அவன் ஆசையாக இருந்தால், படம் முழுக்க எல்லோரும் எல்லாவற்றையும் கேட்கட்டும், அதை மட்டும் கேட்க வேண்டாம். கடைசியில் அதைக் கேட்பது யார், அல்லது யாருமே கேட்பதில்லையா என்பதை முடிவு செய்துகொண்டு இரண்டாம் காட்சிக்குப் போங்கள். எழுதியதும் அனுப்புங்கள், கட்டாயம் படித்துச் சொல்கிறேன்.