முறைப்பாட்டை எழுதாமல் திருப்பி அனுப்பினால்

கேள்வி: பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரக் குடியேற்றமொன்றில் இருக்கிறேன். அப்பா 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டித் திருத்தின காணி. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். போன மாதம் பக்கத்துக் காணிக்காரர் எங்கட வேலியைப் பிடுங்கி உள்ளுக்குத் தள்ளிப் போட்டார். கேட்கப் போனதுக்குக் கத்தியைக் காட்டினார். பொலிசுக்குப் போனால், "அயலுக்குள்ள பிரச்சினைதானே, கோயில் தலைவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, பேசித் தீர்ப்பம்" என்று ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டார்கள். சொன்னவரும் தமிழ் உத்தியோகத்தர்தான். கோயில் தலைவர் அந்தப் பக்கத்துக்காரரின் மச்சான். 19 வயது மகனை மட்டும் சந்தியில் அடிக்கடி மறிக்கிறார்கள். நாங்கள் தமிழர் என்றதாலா, நான் தனிப் பெண் என்றதாலா, அல்லது "தோட்டக்காட்டார்" என்று இன்னும் சொல்கிறார்களே, அதனாலா? நான் என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் திகதியைப் பார்ப்போம். மற்றதெல்லாம் பிறகு.

வேலி தள்ளப்பட்டது போன மாதம் என்கிறீர்கள். காணித் தகராறு ஒன்றால் அடிதடி வரலாம் என்ற நிலை இருந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆவது பிரிவின் கீழ் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஊரில் "66 வழக்கு" என்பார்கள். காணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் அந்த வழக்கு போகாது. வழக்குப் போட்ட நாளில் காணி யாருடைய ஆட்சியில், அதாவது யாருடைய கையிலும் பாவனையிலும், இருந்தது என்றுதான் நீதவான் பார்ப்பார். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு அதில் ஒரு பாதுகாப்பு உண்டு: அந்த வெளியேற்றம் வழக்குப் போடுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருந்தால், ஆட்சியை அவரிடமே திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிடலாம். இரண்டு மாதம் தாண்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும். பிறகு மாவட்ட நீதிமன்றத்தில், காணி யாருக்குச் சொந்தம் என்ற உரித்து வழக்கு, வருடக்கணக்கான அலைச்சல்.

"பேசித் தீர்ப்பம்" என்று போகிற ஒவ்வொரு கிழமையும் இந்த இரண்டு மாதத்தில்தான் கழிகிறது. அது மறுபக்கத்துக்காரருக்குத் தெரிந்திருக்கலாம், பொலிஸ் உத்தியோகத்தருக்கு நிச்சயம் தெரிந்திருக்க வேண்டும். இப்படியான தகராற்றை விசாரிக்கும் பொலிஸ் தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. அவர்கள் கொடுக்காவிட்டால் நீங்களே சத்தியக் கடதாசியோடு நேரடியாக வழக்கைத் தாக்கல் செய்யலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காக 1978 இல் சட்டம் போட்டு அமைத்தது அது. போகும்போது உங்கள் ஆட்சிக்கான சான்றுகளைக் கொண்டுபோங்கள்: மின்சாரப் பட்டியல், வாக்காளர் பதிவு, கிணறும் தென்னையும் பழைய வேலியும் தெரிகிற படங்கள், கிராம அலுவலரின் கடிதம். காணி அனுமதிப்பத்திரம் 2009 இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் விபரம் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது கைக்கு வரட்டும் என்று வழக்கைப் பிந்தவிட வேண்டாம்.

இனி, எழுதாமல் அனுப்பினது சரியா என்ற கேள்வி. சரியில்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109 ஆவது பிரிவின்படி, குற்றமொன்றைப் பற்றி நீங்கள் வாயால் சொன்னால் உத்தியோகத்தர் அதை எழுதி, உங்களுக்கு வாசித்துக்காட்டி, கையொப்பம் வாங்க வேண்டும். கத்தியைக் காட்டி வெருட்டினது குற்றவியல் மிரட்டல். செய்தவர் அயலவரா உறவினரா என்று பார்த்து எழுதுகிற விசயமே இல்லை.

அப்படியிருந்தும் ஏன் எழுதவில்லை? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நீங்கள் கேட்ட மூன்று "அதனாலா" கேள்விகளுக்கும் விடை இங்கேதான் கிடக்கிறது.

எந்த நாட்டுப் பொலிசும் சட்டப் புத்தகத்தில் உள்ளதெல்லாவற்றையும் செய்வதில்லை. எதை எழுதுவது, எதை எச்சரித்து விடுவது, யாரை மறிப்பது என்று வாசல் மேசையில் இருப்பவரே தீர்மானிக்கிற பெரிய வெளி ஒன்று இருக்கிறது. சட்டத்தரணிகள் அதைத் தற்றுணிபு என்போம். அது இல்லாமல் பொலிஸ் வேலை நடக்காது. தலைக்கவசம் போடாமல் ஆசுப்பத்திரிக்கு ஓடுகிறவனை விட்டுவிடுவதும் தற்றுணிபுதான். ஆனால் சட்டம் பேசாத அந்த வெளியில் உத்தியோகத்தரின் வீட்டுப் பழக்கமும், பொலிஸ் நிலையத்தின் பழக்கமும், ஊரின் பழக்கமும் பேசத் தொடங்கிவிடும்.

1966 கோடையில் அமெரிக்காவின் பொஸ்ரன், சிக்காகோ, வொஷிங்டன் நகரங்களில் பொலிசாரோடு ஆட்களை அனுப்பி, எந்த முறைப்பாடு எழுதப்படுகிறது, எது விடுபடுகிறது என்று பார்த்தார்கள். அந்தத் தரவை வைத்து டொனால்ட் பிளாக் என்ற சமூகவியலாளர் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது. குற்றத்தின் பாரதூரம் மட்டும் கணக்கில் வரவில்லை. முறைப்பாட்டாளர் என்ன வேண்டுமென்று கேட்டார், எவ்வளவு பணிவாகப் பேசினார், இரண்டு பக்கமும் எவ்வளவு நெருக்கமானவர்கள் என்பவையும் வந்தன. அறியாத ஆள் செய்தால் எழுதுவார்கள். தெரிந்த ஆள் செய்தால் எழுதுவது குறையும். உங்களுக்குச் சொன்ன "அயலுக்குள்ள பிரச்சினைதானே" என்பது கொழும்பில் கண்டுபிடித்ததும் இல்லை, வன்னியில் கண்டுபிடித்ததும் இல்லை.

ஆனால் வன்னியில் அதற்கு மேலே இன்னொரு அடுக்கு இருக்கிறது. 2009 வரை இங்கே பெரும்பகுதியில் விடுதலைப் புலிகளின் காவல்துறையும் நீதிமன்றங்களுமே இயங்கின. இப்போதைய பொலிசோடு எங்கள் சனத்தின் பழக்கம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் சோதனைச் சாவடிகளிலும் தொடங்கினது. எங்கள் ஆட்களின் நெஞ்சில் அது இருக்கிறது, உத்தியோகத்தரின் பயிற்சியிலும் இருக்கிறது. பொலிஸ் நிலையங்களில் சிங்களமும் தமிழும் தெரிந்தவர்கள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியும் உரிமை வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே 2011 இல் பரிந்துரைத்தது. அரசே நியமித்த ஆணைக்குழு அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

எனவே "தமிழர் என்றதாலா" என்ற உங்கள் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அது உண்மையான கேள்வி. ஆனால் உங்களைத் திருப்பி அனுப்பினவர் தமிழர், உங்கள் மொழியில்தான் பேசினார். அப்படியென்றால் அங்கே வேலை செய்தது என்ன?

எனக்குப் படுவதைச் சொல்கிறேன். உத்தியோகத்தர் பெரும்பாலும் வெளியூரவர். மட்டக்களப்பாகவோ குருணாகலாகவோ இருக்கலாம். நிலையத்திலேயே தங்குகிறார், இடமாற்றம் வந்தால் போய்விடுவார். ஊரில் யார் நம்பத்தக்கவர், யார் "பிரச்சினைக்காரர்" என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சிவில் பாதுகாப்புக் குழுவில் உட்காருகிறவர்கள், கடை முதலாளி, கோயில் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர் ஆகியோர் வாயிலிருந்துதான் தெரியும். அவர்கள் பார்வையில் 1958, 1977, 1983 கலவரங்களில் வெட்டுப்பட்டு வந்து காடு திருத்தின மலையகச் சனம், இரண்டு மூன்று தலைமுறை கடந்தும் "வந்த ஆட்கள்"தான். தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண் "வாய்க்காரி". இந்தத் தரம்பிரிப்பை எங்கட ஊர்தான் பொலிசின் கையில் கொடுக்கிறது. அரசின் பக்கச்சார்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாங்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. கோயில் தலைவரைக் கூட்டிவரச் சொன்னது அந்த உத்தியோகத்தருக்கு இயல்பான, நல்ல வழியாகவே பட்டிருக்கும். பக்கச்சார்பு பல வேளைகளில் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை, "ஊர் வழமை" என்ற பேரில் வருகிறது.

சமரசம் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. அங்கே போனால் பதிவு இருக்கும், இணங்காமல் எழும்பி வர உங்களுக்கு உரிமை இருக்கும், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழும் கிடைக்கும். பொலிஸ் மேசையில் ஒரு பக்கத்துக்காரரின் மச்சானை நடுவராக வைத்துப் பேசுவதில் இது எதுவுமே இல்லை.

எனவே மீண்டும் நிலையத்துக்குப் போங்கள், இந்தமுறை கையில் எழுத்தோடு. தமிழில் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. எந்தத் திகதி, எத்தனை மணி, எத்தனை கட்டை பிடுங்கப்பட்டது, கத்தியைக் காட்டும்போது என்ன சொன்னார், யார் கண்டது என்று நடந்ததை நடந்தபடி. பக்கத்துக்காரரின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். முதல் தடவை எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதையும் சேருங்கள். இரண்டு பிரதி. பதிந்த பிறகு எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தப் பந்தி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூட ஒருவரைக் கொண்டுபோங்கள், ஆனால் பெரிய மனிதரைத் தேட வேண்டாம். நடந்ததைக் கண்ட ஒருவர், அல்லது பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் போதும். வெருட்டல் தொடர்ந்தால் 1938 பெண்கள் உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையொப்பம் வைக்காதீர்கள். 1993 இல் கிழக்கில் கைதான தமிழ்க் கூலித் தொழிலாளி ஒருவர், தனக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பலவந்தமாகப் பெருவிரல் அடையாளம் வைப்பித்தார்கள் என்று சொன்னார். அந்த ஒரு தாளை வைத்து 50 வருடத் தண்டனை விழுந்தது, மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று கண்டது. அவர் வழக்கு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வந்தது, உங்களுடையது வேலிச் சண்டை. ஆனாலும் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒப்பம் வைப்பதன் ஆபத்து ஒன்றுதான். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பொருந்தாததைத் திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டாம் தடவையும் பதிய மறுத்தால் அங்கே வாக்குவாதப்பட வேண்டாம். அன்றைக்கே அதே கடிதத்தைப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை அவருக்கு மேலுள்ள பொலிஸ் அத்தியட்சகருக்கும் போடுங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் பொலிசாருக்கு எதிரான முறைப்பாடுகளை ஏற்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது, ஆணைக்குழுவின் அவசர அழைப்பு இலக்கம் 1996. இங்கேயும் ஒரு கெடு: அடிப்படை உரிமை மீறல் வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. நீங்கள் கேட்ட மூன்றில் எது என்று நீங்களே பிரித்து நிரூபிக்கத் தேவையில்லை. உங்களை எப்படி நடத்தினார்கள், அதே நிலையத்தில் மற்றவர்களை எப்படி நடத்தினார்கள் என்ற தகவலைக் கொடுங்கள்.

மகனின் விசயம். 1964 இல் வெளிவந்த ஆய்வொன்றில் பிலியாவின், பிரையர் என்ற இருவர் அமெரிக்க நகரமொன்றில் பொலிஸ் இளைஞர்களை மறித்த 66 சந்தர்ப்பங்களைப் பார்த்தார்கள். ஒத்துழைக்கிறவன் என்று உத்தியோகத்தர் நினைத்தவர்களில் கைதானவர்கள் சுமார் 4 வீதம். ஒத்துழைக்காதவன் என்று நினைத்தவர்களில் 67 வீதம். முகபாவமும் பேச்சும் அவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது. வன்னியில் இது இளம் பொடியனுக்குப் பாதகமாகவே முடிகிறது. கேட்டதுக்கு மட்டும் ஒரு சொல்லில் பதில் சொல்லிப் பழகின வீடுகள் எங்களுடையவை. அந்த மௌனம் மறைக்கிறான் என்று படுகிறது. வேலைத்தலத்தில் பொறுக்கின சிங்களத்தில் மரியாதை விகுதி விடுபட்டால் திமிர் என்று படுகிறது. இது மகனின் பிழையில்லை, பிழையை அவன் தலையில் போடவும் கூடாது. அவனைப் பாதுகாக்க மட்டும் சொல்கிறேன்: அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வரிப்பத்திரம், காப்புறுதி எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். சிங்களம் சரளமில்லையென்றால் தமிழிலேயே தெளிவாக, மரியாதையாகப் பேசட்டும். என்ன காரணத்துக்கு மறிக்கிறீர்கள் என்று ஒருதரம் அமைதியாகக் கேட்கலாம். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை. சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணி நேரத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒவ்வொரு தடவை மறிக்கும்போதும் வீட்டுக்கு வந்தவுடன் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்: திகதி, நேரம், இடம், உத்தியோகத்தரின் சீருடை இலக்கம், கேட்டது என்ன, முடிவு என்ன, அந்த நேரம் வேறு யாரையும் மறித்தார்களா. ஒருநாள் மறித்ததை வைத்து எதுவும் காட்ட முடியாது. மாதக்கணக்கில் எழுதின கொப்பியை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மேசையில் வைக்கலாம்.

இவற்றில் முதல் வேலை 66 வழக்குத்தான். இந்தக் கிழமைக்குள் சட்டத்தரணியைப் பாருங்கள், வேலி பிடுங்கப்பட்ட சரியான திகதியை முதல் வரியாக அவரிடம் சொல்லுங்கள்.