வைகாரெமோஆனா குடில்கள்: கேட்டதும் சொன்னதும்

நியூசிலாந்தின் தே உரெவெரா காட்டில், வைகாரெமோஆனா ஏரிக்கரையோரம் 46 கிலோமீட்டர் நடைபாதை, வழியில் ஐந்து குடில்கள். நான் மூன்று முறை நடந்தவள். அங்கே எப்படி மரியாதையாக நடந்துகொள்வது என்று கேளுங்கள்.

செந்தில்: அக்கா, தேசியப் பூங்காதானே? தனியாக என்ன மரியாதை?

1954 முதல் பூங்காவாக இருந்தது. 2014 சட்டம் அதை மாற்றி, அந்தக் காட்டையே சட்டப்படி ஒரு நபராக்கிவிட்டது. அதன் சார்பில் முடிவெடுக்கும் ஒன்பது பேரில் ஆறு பேரை, அந்தக் காட்டின் மாவோரி பழங்குடியினரான தூஹோய் மக்கள் நியமிக்கிறார்கள். நீங்கள் விருந்தாளி.

மாலா: குடிலில் எதில் தப்பு செய்வோம்?

மேசையில். ஒருநாள் மாலை, களைத்து வந்த பையன் ஒருவன் சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்து ஈரக் காலுறையைக் கழற்றினான். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாவோரி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார். உணவும் உடம்பும் அவர்களுக்கு வேறு வேறு. தலை புனிதம், தலையணைமேல் உட்காராதீர்கள், தொப்பியை மேசையில் வைக்காதீர்கள். பாத்திரம் துடைக்கும் துணியால் கால் துடைத்தால் நம் பாட்டி மட்டும் சும்மா விடுவாரா?

குமார்: அடுப்பு இருக்குமா?

இருக்காது. அடுப்பு, கேஸ், பாத்திரம் எல்லாம் உங்கள் முதுகில். குப்பையும் அப்படியே திரும்பி வரும்.

ரவி: போன் சார்ஜ்?

இல்லை.

தீபா: பவர் பேங்க் தீர்ந்தால்?

ரவிக்குச் சொன்னதுதான்.

பிரபு: தூஹோய்க்காரர்களே 2022இல் குடில்களை எரித்தார்களே! நாம் மட்டும் ஏன் பொத்திப் பொத்தி நடக்க வேண்டும்?

எரித்தது காட்டுக்குள் இருந்த பழைய குடில்களை. இந்த ஐந்தையும் அல்ல. அவை பாதுகாப்பில்லை என்றது தூஹோய் நிர்வாகம். எதிர்த்து வழக்குப் போட்டவரும் தூஹோய்க்காரர்தான். அந்த முடிவு சட்டவிரோதம் என்றது உயர் நீதிமன்றம். ஆகவே 'அவர்கள்' என்று மொத்தமாக மூட்டை கட்டாதீர்கள்.

பிரபு: வரிப்பணத்தில் கட்டியது அக்கா.

சரி, கணக்குப் பார்ப்போம். ஆனால் 1866இல் அரசு அவர்களுடைய நல்ல விளைநிலத்தைப் பறிமுதல் செய்ததிலிருந்து தொடங்குங்கள். 1916இல் மவுங்காபோஹாத்து கிராமத்துக்குள் ஆயுதப் போலீஸ் நுழைந்ததையும் சேருங்கள். 2014இல் அரசே மன்னிப்புக் கேட்டது. பழைய பலகைக்கும் தகரத்துக்கும் விலை அதற்கப்புறம் போடலாம்.

ஹரி: முன்பதிவு எப்படி?

நடைபாதையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பாருங்கள். யாராவது இறந்து, ராஹுயி எனும் தற்காலிகத் தடை வந்தால் நடை ரத்தாகும். வாதாடாதீர்கள்.

சுதா: மழை பெய்தால் காலுறையை மேசையில் காயப்போடலாமா?

மாலா, நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.