ஐந்து தடங்களுக்குள் ஒரு பாட்டு: பழைய பாணி விளையாட்டு இசைக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் நானும் என் வகுப்பு நண்பர்கள் இருவரும் 1980களின் பாணியில் ஒரு சிறு கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறோம். இசை என் பொறுப்பு. ஏழாண்டுகளாக வீணை கற்று வருகிறேன். ஆனால் கணினியில் இசையமைத்துப் பழக்கமில்லை. என்னிடம் விண்டோஸ் மடிக்கணினியும் 150 சிங்கப்பூர் வெள்ளியும் இருக்கின்றன. பெரிய ஸ்டூடியோ மென்பொருள் ஒன்றைத் தவணை முறையிலாவது வாங்கிவிடு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எதை வாங்கலாம்?
– வாசகி, ஈசூன்

பதில்: தவணையில் எதையும் வாங்க வேண்டாம். உங்கள் 150 வெள்ளியில் மென்பொருளுக்கென்று இப்போதைக்கு ஒரு காசுகூடச் செலவிடத் தேவையில்லை. காரணத்தை விளக்க, நீங்கள் விரும்பும் அந்த ஒலி எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற விளையாட்டுச் சாதனம், பிற நாடுகளில் என்இஎஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. அதன் ஒலிச்சில்லு ஒரே நேரத்தில் ஐந்து தடங்களில் மட்டுமே ஒலி எழுப்பும். பல்ஸ் அலைக்கு இரண்டு தடங்கள், முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, சிறு ஒலிப்பதிவுத் துண்டுகளுக்கு ஒன்று. பல்ஸ் தடங்களின் ஒலியளவை 16 படிகளில் கூட்டவும் குறைக்கவும் முடியும்; முக்கோணத் தடத்துக்கு அந்த வசதியும் கிடையாது, அது ஒலிக்கும் அல்லது நிற்கும். ஆகவே மெட்டைப் பல்ஸிலும், கீழ்ச்சுரங்களை முக்கோணத்திலும், தாளத்தை இரைச்சலிலும் வைப்பது வழக்கமாயிற்று. மூன்று சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டை வாசிக்கத் தடங்கள் போதாதபோது, அம்மூன்றையும் ஒரே தடத்தில் மிக விரைவாக மாறி மாறி ஒலிக்கவிட்டார்கள். பழைய விளையாட்டு என்றதும் நம் காதில் நிற்கும் அந்தக் கிலுகிலுப்பு இடநெருக்கடியால் வந்தது. விளையாட்டின் நாயகன் குதிக்கும்போது எழும் ஒலிகூட இந்தத் தடங்களில் ஒன்றைப் பறித்துக்கொண்டுதான் ஒலிக்கும். அந்த நொடியில் இசையின் ஒரு பகுதி மௌனமாகிவிடும் என்பதையும் கணக்கில் வைத்தே அக்கால இசையமைப்பாளர்கள் எழுதினார்கள்.

பெரிய ஸ்டூடியோ மென்பொருள் நூற்றுக்கணக்கான தடங்களையும் ஆயிரக்கணக்கான ஒலிகளையும் உங்கள் முன் விரித்துவைக்கும். அனுபவமுள்ளவருக்கு அது வசதி. தொடங்குபவர் எந்த ஒலியைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே மாலைகளைக் கழித்துவிட்டு, ஆதி தாளத்தின் ஒரு சுற்றான எட்டு அக்ஷரம்கூட எழுதாமல் எழுந்துவிடுவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். மாறாக, அந்தச் சில்லையே அப்படியே பின்பற்றும் மென்பொருளில் உட்கார்ந்தால் ஐந்து தடங்களுக்குமேல் கிடைக்காது. அந்தக் கட்டுப்பாடே உங்களுக்கு ஆசிரியராக அமையும்.

அத்தகைய மென்பொருள்களில் உங்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபேமிஸ்டூடியோ. இது முற்றிலும் இலவசம், மூலநிரலும் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். சுரங்களை இடமிருந்து வலமாக, பியானோ கட்டைகளுக்கு எதிரே நீளக் கோடுகளாக வரைந்துகொண்டே போகலாம் என்பதால் புதியவருக்கு அச்சம் தராது. இதற்கு முன்னோடியான ஃபேமிடிராக்கரும் இலவசமே, ஆனால் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. அதில் காலம் மேலிருந்து கீழாக ஓடும், சுரங்களையும் கட்டளைகளையும் எழுத்தும் எண்ணுமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். டிராக்கர் எனப்படும் இந்த முறை 1987இல் அமிகா கணினிக்கு வந்த அல்டிமேட் சவுண்ட்டிராக்கரிலிருந்து தழைத்தது. கை பழகிவிட்டால் அதைவிட விரைவான முறை வேறில்லை என்று சொல்பவர்கள் பலர். இருந்தாலும், விளையாட்டை முடிக்க வேண்டிய கெடு தலைக்குமேல் இருக்கும்போது புதிய குறியீட்டு முறையையும் கற்கப் புகுவது உங்களுக்கு வீண் சுமை.

நீங்கள் வீணை வாசிப்பவர் என்பது இங்கே பெரும் பலம். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, பழைய ஜப்பானிய விளையாட்டுகளின் மெட்டுகளைப் போலவே எழுத முயலாதீர்கள். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லவும், சுரத்தை அசைக்கவும் ஃபேமிஸ்டூடியோவில் வழி உண்டு; ஜாருவையும் ஓரளவு கமகத்தையும் அதைக் கொண்டு எழுதலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சில்லில் சுருதியை அமைக்கும் எண்கள் முழு எண்களே; மேல் ஸ்தாயிக்குப் போகப் போக ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள சுருதி இடைவெளி பெரிதாகிக்கொண்டே போகும். ஆகவே உச்சத்தில் எழுதும் கமகம் படிக்கட்டில் தடுக்கித் தடுக்கி ஏறுவதைப்போல ஒலிக்கும், சில சுரங்கள் சுருதி விலகியும் நிற்கும். நடு ஸ்தாயியில், வீணை இயல்பாகப் பேசும் அந்த எல்லைக்குள் இருந்தால் இழைவு நன்றாகவே வரும். தம்பூராவுக்கென ஒரு தடத்தை முழுவதும் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒன்றை இழப்பது பெரிய இழப்பு. முக்கோணத் தடத்தில் ஸட்ஜமும் பஞ்சமமும் இடையிடையே விழுந்தாலே காது மீதியை நிரப்பிக்கொள்ளும்.

தாளத்திலும் உங்களுக்கு முன்னிலை உண்டு. ஓர் அடிக்கு எத்தனை பிரிவு என்பதை இம்மென்பொருளில் நீங்களே அமைக்கலாம். ஆதி தாளத்தின் எட்டு அக்ஷரங்களைச் சதுஸ்ர நடையில், அதாவது ஓர் அக்ஷரத்துக்கு நான்கெனப் பிரித்து, எழுத 32 பிரிவுகள் போதும். ஓர் அக்ஷரத்துக்கு ஐந்தெனப் பிரித்து 40 ஆக்கினால் அதே தாளம் கண்ட நடைக்கு மாறிவிடும். எதிரி தோன்றும் காட்சிக்கு வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக நடையை மாற்றிப் பாருங்கள். விளையாடுபவருக்குத் தாள இலக்கணம் தெரியாமலிருக்கலாம். ஆனால் ஏதோ மாறிவிட்டது என்பதை அவர் உடல் உணரும்.

பாட்டை விளையாட்டுக்குள் சேர்க்கும்போது எம்பி3 வடிவத்தைத் தவிர்க்கவும். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்வதால், பாட்டு முடிந்து மீண்டும் தொடங்கும் இடத்தில் ஒரு விக்கல் கேட்கும். ஓஜிஜி அல்லது வேவ் வடிவமாக ஏற்றுமதி செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

இனி, பணம். கட்டைவிரல் அளவு ஒலிபெருக்கி கொண்ட மடிக்கணினியில் முக்கோணத் தடத்தின் கீழ்ச்சுரங்கள் கேட்கவே கேட்காது. காதை முழுவதும் மூடும் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை வாங்குவதுதான் உங்கள் முதல் செலவு. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பதினொரு மணிக்கு ஒரே எட்டு அக்ஷரத்தை நாற்பது முறை ஓடவிடுபவருக்கு அது அண்டை வீட்டாரிடம் நல்ல பெயரையும் காப்பாற்றித் தரும். சிம் லிம் ஸ்குவேரில் நேரில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். மிச்சமிருந்தால் கரோசெல் இணையச் சந்தையில், கணினிக்குள் சுரங்களை வாசித்து உள்ளிட உதவும் பழைய 25 கட்டை மிடி கீபோர்டு ஒன்றைத் தேடலாம்.

விளையாட்டு முடிந்தபிறகு, சில்லின் ஒலியோடு உங்கள் வீணையையும் பதிவுசெய்து கலக்க விரும்புவீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வாங்கலாம். 60 நாள்களுக்கு எந்த வசதியும் குறைக்கப்படாமல் சோதித்துப் பார்க்க அனுமதி உண்டு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் சிறு வருமானம் உள்ளவர்களுக்குமான உரிமத்தின் விலை 60 அமெரிக்க டாலர். நம் பணத்தில் அது 80 வெள்ளியை ஒட்டி வரும். வெளிநாட்டிலிருந்து வாங்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் பொருள் சேவை வரி உண்டு, இப்போது அது 9 விழுக்காடு என்பதால் அதற்கும் சற்று ஒதுக்கிவையுங்கள். ஒய்எம்சிகே குழுவினர் இலவசமாகத் தரும் மேஜிக்கல் 8பிட் பிளக் என்ற பிளக்-இன்னை, அதாவது துணை மென்பொருளை, ரீப்பரில் சேர்த்தால், பல்ஸ், முக்கோணம், இரைச்சல் ஆகிய ஒலிகள் அங்கேயும் கிடைத்துவிடும்.

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனுக்கு இத்தகைய இசையில் ஆர்வம். பள்ளிக்காக வாங்கிய சாதனத்தில் புதிய மென்பொருள் எதையும் நிறுவ முடியவில்லை. தனிக் கணினி வாங்கித் தரும் நிலையில் நான் இல்லை.
– தாய், செங்காங்

பதில்: நிறுவவே தேவையில்லாத ஒன்று இருக்கிறது. பீப்பாக்ஸ் என்பது இணைய உலாவியிலேயே இயங்கும் இலவசக் கருவி; கணக்குத் தொடங்கவும் வேண்டாம். எழுதிய பாட்டு முழுவதும் அந்தப் பக்கத்தின் முகவரிக்குள்ளேயே எழுத்துகளாகப் பொதிந்திருக்கும் என்பது இதன் அழகு. அந்த முகவரியை நகலெடுத்து உங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்பினால், நீங்கள் அங்கே பாட்டைக் கேட்கலாம். மகனின் பள்ளிச் சாதனம் கைவசம் இல்லாமல் போனாலும் பாட்டு தொலையாது. தேர்ந்தெடுத்த சுரவரிசைக்குள் அடங்கும் கட்டங்களை மட்டுமே காட்டுவதால் தொடக்கத்தில் தவறான சுரம் விழுவது குறைவு. பள்ளியின் கட்டுப்பாடுகளைத் தாண்ட வழி தேடவிடாமல், அந்தப் பக்கம் திறக்கவில்லையெனில் ஆசிரியரிடமே கேட்கச் சொல்லுங்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அவர் எழுதும் முதல் பாட்டை, அது பத்து நொடியே இருந்தாலும், உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 16 பிட் காலத்து, அதாவது ஃபேமிகாமுக்கு அடுத்த தலைமுறைச் சாதனங்களின், ஒலிதான் பிடிக்கும். பழைய விளையாட்டுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கருவி ஒலிகளின் தொகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் விற்கப்போகும் விளையாட்டில் அவற்றைப் பயன்படுத்தலாமா? என்னிடம் மேக் கணினி இருக்கிறது.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: பயன்படுத்தாதீர்கள். இலவசமாகக் கிடைப்பதும் உரிமையோடு கிடைப்பதும் வேறு வேறு. அந்த ஒலித்துண்டுகள் அந்தந்த விளையாட்டு நிறுவனத்துக்கோ, அவை எடுக்கப்பட்ட ஒலித்தொகுப்பின் உரிமையாளருக்கோ சொந்தமானவை. வீட்டில் பழகுவதற்கு வைத்துக்கொண்டாலும் விற்பனைக்குரிய படைப்பில் சேர்த்தால் பின்னாளில் விளையாட்டையே கடையிலிருந்து இறக்க நேரலாம்.

அவை தேவையும் இல்லை. 1988இல் வந்த மெகா டிரைவ் என்ற விளையாட்டுச் சாதனம், ஒலித்துண்டுகளைவிட எஃப்எம் முறையையே பெரிதும் நம்பியது. ஓர் அலையை இன்னோர் அலையால் அசைத்துப் புதிய நாதத்தை உண்டாக்கும் அந்த முறையை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்டறிந்தார். மெகா டிரைவின் யமஹா சில்லில் ஆறு எஃப்எம் தடங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு அலைகள். ஃபர்னஸ் என்ற இலவச டிராக்கர் மேக்கிலும் இயங்கும்; அதில் அந்தச் சில்லின் கருவி ஒலிகளை நீங்களே செதுக்கலாம். நாகஸ்வரத்தின் சாயலுக்கு இரண்டு அலைகளே போதும்: அசைக்கும் அலையின் அளவை ஊதத் தொடங்கும் கணத்தில் கூட்டி, பிறகு சற்றே இறக்குங்கள்.

நின்டெண்டோவின் 16 பிட் சாதனமான சூப்பர் நின்டெண்டோவின் வழி வேறு. அது எட்டுத் தடங்களிலும் ஒலித்துண்டுகளையே இசைத்தது. ஆனால் துண்டுகள், எதிரொலி, இசையை ஓட்டும் நிரல் அனைத்துக்கும் சேர்த்து 64 கிலோபைட் நினைவகம்தான். ஆகையால் ஒவ்வொரு துண்டும் மிகக் குறுகியது, தரமும் குறைக்கப்பட்டது. அந்த மங்கலான இனிமை வேண்டுமானால், வீட்டில் இருக்கும் மிருதங்கத்தையோ கஞ்சிராவையோ கைத்தொலைபேசியிலேயே பதிவுசெய்து, அரை நொடிக்கும் குறைவாக வெட்டி, ஃபர்னஸுக்குள் கொண்டுவந்து பாருங்கள். அந்த ஒலி முழுக்க முழுக்க உங்களுடையதாக இருக்கும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்காது.