வாகனக் கேள்வி பதில்: லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?

கேள்வி (களுவாஞ்சிக்குடி வாசகர்): என்னுடையது 2018 சுசுகி சுவிப்ட் ஸ்போர்ட், 1.4 டேர்போ, ஆறு கியர் மெனுவல். வேலைக்குத் தினமும் மட்டக்களப்பு டவுனுக்குப் போய் வருகிறேன். ஜப்பான் கணக்கில் லீற்றருக்கு 16.4 கிலோமீற்றர் என்றார்கள், எனக்கு 12தான் வருகிறது. கூட வேலை செய்பவரின் மஸ்டா டெமியோ டீசல் கார், ஓட்டோ கியர், அதே வீதியில் 19 ஓடுகிறது. என் காரில் என்ன பழுது?

பதில்: பழுதென்று சொல்ல இன்னும் காரணம் இல்லை. அந்த டெமியோவுக்கு ஜப்பான் கணக்கு 26.4. அவருடைய 19ஐ 26.4ஆல் பிரித்தால் 0.72, உங்கள் 12ஐ 16.4ஆல் பிரித்தால் 0.73. இரண்டு காரும் ஒரே அளவுக்குத்தான் இறங்கியிருக்கின்றன. ஜப்பான் கணக்கை எடுக்கும் ஜேசி08 எனப்படும் சோதனை, காரை உருளைகளின் மேல், ஏசி போடாமல், 20 நிமிடம், 8 கிலோமீற்றர் சொச்சம் ஓட்டிப் பார்ப்பது. நம்முடைய வெயிலும் காத்தான்குடிப் பிரதான வீதியும் அதில் இல்லை.

டீசல் கூட ஓடுவதற்குக் காரணம் இஞ்சின் மட்டுமல்ல. ஒரு லீற்றர் டீசலில் இருக்கும் சக்தியே பெற்றோலைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் அதிகம். அதனால் கிலோமீற்றரை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

12 என்பது டாஷ்போர்ட் காட்டியதா, நீங்கள் கணக்குப் பார்த்ததா? டாஷ்போர்ட் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில், நொசில் முதல்தரம் 'டக்' என்று நிற்கும் வரை அடித்து ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். உங்கள் டாங்க் 37 லீற்றர். 25, 28 லீற்றர் முடிந்த பிறகு அதே பம்பில் அதே மாதிரி அடித்து, ஓடிய கிலோமீற்றரை அடித்த லீற்றரால் பிரியுங்கள். ஐந்து லீற்றருக்கு ஒருதரம் கணக்குப் பார்த்தால், நொசில் அரை லீற்றர் முந்தி நின்றாலே நூற்றுக்குப் பத்துப் பிழை.

ரயரையும் பாருங்கள். இந்தக் காருக்குக் கம்பனி போட்டது 195/45 ஆர்17. பள்ளத்தில் அடிபடாமல் இருக்க 205/50 ஆர்17 மாற்றியிருந்தால் சக்கரம் நூற்றுக்கு ஐந்து அளவில் பெரிதாகிவிடும். மீற்றர் 400 காட்டும்போது கார் 420 ஓடியிருக்கும். உங்கள் 12 உண்மையில் 12.6.

அதுவும் சரியென்றால் பிறேக். கரையோரத்து உப்புக் காற்றில், பிறேக் பாட்டை அழுத்தும் கலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகுவது இங்கே சாதாரணம். பத்துக் கிலோமீற்றர் ஓடி, பிறேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தக் கலிப்பரைக் கழற்றிப் பின்களைத் துடைத்து, பிறேக்குக்குரிய கிறீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

மிச்சமெல்லாம் வலதுகாலில். 60இல் ஓடும் காரை நிறுத்தி மறுபடி 60க்குக் கொண்டுவர ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் பெற்றோல் போகிறது. ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று 30 தரம் நின்றால் 600 மில்லிலீற்றர். 12 கிலோமீற்றர் கணக்கில் உங்கள் ஒருவழிப் பயணத்துக்கே இரண்டரை லீற்றர்தான். முன்னால் நெரிசல் தெரிந்தவுடன் கியரில் வைத்தபடி அக்சிலரேட்டரை விடுங்கள், இன்ஜெக்டர்கள் பெற்றோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் உருளவிட்டால் ஐட்லிங்குக்குப் பெற்றோல் எரிந்துகொண்டே இருக்கும். இந்த இஞ்சின் 2,500 சுற்றிலேயே முழு டோர்க்கையும் (இழுவிசையையும்) தந்துவிடுகிறது, அதனால் 4,000 வரை இழுக்கத் தேவையில்லை. டேர்போ விசில் கேட்க ஆசையென்றால் கேளுங்கள், பிறகு கிலோமீற்றர் பற்றி முறையிடக்கூடாது.

ஒக்டேன் 92 அடிக்கிறீர்களா? இதற்கு 95 வேண்டும். 92இல் இஞ்சின் தட்டுவதை உணரும் நொக் சென்சர், பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளும். இழுவையும் குறையும், கிலோமீற்றரும் குறையும்.

கேள்வி (கல்முனை வாசகர்): சுவிப்ட் ஸ்போர்ட்டா, 1.5 டெமியோ டீசலா என்று யோசிக்கிறேன். டீசல் 5 இலட்சம் கூடச் சொல்கிறார்கள். தினம் பிள்ளைகளைச் சாய்ந்தமருதுக்கு ஏற்றி இறக்குவது, மாதம் ஒருதரம் கொழும்பு. மொத்தம் 1,000 கிலோமீற்றர் அளவில்.

பதில்: பலர் 92 பெற்றோலையும் சாதாரண டீசலான ஓட்டோ டீசலையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பெற்றோல் காருக்கு 95 வேண்டும், டிபிஎப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள டீசல் காருக்குக் கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் வேண்டும். 95 பெற்றோல் 350 ரூபா, சூப்பர் டீசல் 320 ரூபா என்று வைப்போம் (செட் பலகையில் இருக்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). 13 ஓடினால் கிலோமீற்றருக்கு 27 ரூபா, 19 ஓடினால் 17 ரூபா. மாதம் 10,000 ரூபா மிச்சம். 5 இலட்சத்தை எடுக்க நான்கு வருடம் தாண்டும், அதற்குள் ஒரு பெரிய ரிப்பேர் வராமல் இருந்தால்.

வருவதற்கு இடமிருக்கிறது. டிபிஎப்பில் சேரும் கரியை எரிக்க 600 பாகை அளவு சூடு வேண்டும். நாலைந்து கிலோமீற்றர் பள்ளிக்கூட ஓட்டத்தில் அது கிடைக்காது. இஞ்சின் கரியை எரிக்கத் தொடங்கி நீங்கள் இடையில் நிறுத்தினால், அதற்காகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஒயிலில் இறங்கும். கிழமைக்கு ஒருதரம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். முழு அளவுக் கோட்டுக்கு மேலே 'எக்ஸ்' போல ஒரு குறி இருக்கும். ஒயில் அதைத் தொட்டால் அன்றைக்கே மாற்றவேண்டும். சாம்பல் குறைந்த டிஎல்-1 தர ஒயில்தான் ஊற்றவேண்டும். மற்ற ஒயிலின் சாம்பல் டிபிஎப்பை அடைக்கும், கரியைப் போல அது எரிந்து போகாது. இஞ்சினுக்குக் காற்றுப் போகும் இன்டேக் மனிபோல்டில் கரி கட்டுவதும் இந்த இஞ்சினுக்குத் தெரிந்த வருத்தம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பத்து நாளைக்கு ஒருதரமாவது அக்கரைப்பற்று தாண்டிப் பொத்துவில் பக்கம் 30, 40 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். மாதம் 2,500 கிலோமீற்றர் நீண்ட வீதியில் ஓடுபவருக்கு டீசலைத் தாராளமாகச் சொல்வோம், உங்களுக்கு இல்லை. செலவுதான் கவலையென்றால் 92 குடிக்கும் சாதாரண 1.2 பெற்றோல் கார் இரண்டையும் வெல்லும்.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): ஏசியை நிறுத்திக் கண்ணாடியைத் திறந்து ஓடினால் மிச்சமா?

பதில்: டவுனுக்குள் மெதுவாகப் போகும்போது கொஞ்சம் மிச்சம். ஏ15 வீதியில் வேகமாகப் போகும்போது திறந்த கண்ணாடி காற்றைப் பிடித்து இழுக்கும், அந்த மிச்சம் குறைந்துவிடும். கடை வாசலில் ஏசியோடு இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான் நட்டம்: மணிக்கு ஒரு லீற்றர் அளவில் போகும்.