மே மாதத் தக்காளிப் பூ உதிர்வு: காட்பாடி சகோதரிக்கு

சகோதரி, மாடியில் இருபது பைகளில் வைத்த தக்காளி பூவோடு உதிர்கிறது, கைக்காசுக்கு இதைத்தான் நம்பியிருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது. தப்பு உங்களுடையது இல்லை. நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தொட்டால் மகரந்தம் கெட்டுப் பிஞ்சு பிடிக்காது. தக்காளியை ஆடிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பச்சை நிழல்வலை கட்டி, அதன் கீழ் சிறுகீரை, முளைக்கீரை போடுங்கள். விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. 25, 30 நாளில் வேரோடு பிடுங்கலாம். எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். வாரம் ஐந்து பை போதும், விற்க எப்போதும் கையில் கீரை இருக்கும். காலை ஏழு மணிக்குள் தெருவில் கொடுத்துவிடுங்கள், கட்டு வாடாது.

அப்புறம், இலவம்பாடி முள்ளுக்கத்திரி நாலு நாற்று வையுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம காய், கேட்டு வாங்குவார்கள். ஜிபே பணம் மட்டும் உங்கள் கணக்கிலேயே விழட்டும்.